விடியக்காலம் போய்ப் பாருங்கள்: கடலோரத்தில் பழைய வெல்டிங் செட் வாங்கும் முறை

மத்தியானம் 2 மணிக்கு எந்த வெல்டிங் மெஷினும் நல்ல மெஷின்தான். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

துபாயில் கப்பல் பட்டறையில் 9 வருஷம் வெல்டிங் ராடு பிடித்துவிட்டு ஊர் திரும்பி, மண்டபத்தில் சொந்தப் பட்டறை போட்ட புதிது. ராமேஸ்வரத்தில் ஒருவர் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் (எலெக்ட்ரானிக் போர்டில் ஓடும் சின்ன வெல்டிங் மெஷின்) விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மண்டையைப் பிளக்கிற வெயில். 4 ராடு எரித்துப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி சீராக ஓடியது. 5,500 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை 6 மணி. விசைப்படகு ஒன்றின் சுக்கானுக்கு ஒட்டுப் போட வேண்டும். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தது. தூக்கிவிட்டேன், திரும்ப விழுந்தது. படகுக்காரரான சம்மாட்டி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “என்ன மாப்ள, துபாய் மெஷினுக்கு நம்மூரு கரண்டு பிடிக்கலையா?” என்றார். 10 மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல அது ஓட ஆரம்பித்தது. அடுத்த நாள் காலையும் அதே கதை. மூடியைக் கழற்றினேன். போர்டு முழுக்க அரிசி மாவைத் தூவிய மாதிரி வெள்ளை. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால், உப்பு.

இன்வெர்ட்டர் மெஷினுக்குள் ஃபேன் இருக்கிறது. அது வருஷக்கணக்கில் கடல்காற்றை உறிஞ்சி உள்ளே பூசிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்து நீர்த்துவிடும். நீர்த்த உப்பு கரண்டைக் கடத்தும். வெயில் ஏறினால் காய்ந்து சும்மா கிடக்கும். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது. “காலையில கடையில ஆள் இருக்காது தம்பி, மத்தியானமா வாங்க” என்று அவர் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் கடையில் ஆர்சிசிபியும் கிடையாது.

அன்றிலிருந்து நான் பழைய மெஷின் பார்க்கப் போவது விடியக்காலத்தில்தான். வெயில் படுவதற்கு முன், ராத்திரி ஈரம் மெஷினின் மேல் இருக்கும்போதே சுவிட்சைப் போடச் சொல்வேன். விற்கிறவர் இழுத்தடித்தால் அப்படியே பஸ் ஏறிவிடுவேன்.

எத்தனை வருஷம் ஓடியது என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் அது ராத்திரியில் எங்கே கிடந்தது என்று கேளுங்கள். கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறைக்குள் 15 வருஷம் ஓடிய செட், பாம்பன் கரையில் ஓலைக் கொட்டகையில் 2 வருஷம் கிடந்த செட்டைவிட இளசு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குப் பெயிண்ட் அடித்தே ஒரு நூற்றாண்டு ஓடிப்போனது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல்) ஆய்வகத்தார் இரும்பு எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்று பார்க்க எங்கள் மண்டபத்தைத்தான் பிடித்தார்கள். அப்படிப்பட்ட காற்று இது. அதனால் முடிந்தவரை உள்ளூரில் வாங்க மாட்டேன். திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய; அங்கே கழித்துவிடும் செட்டுகள் நன்றாக உழைத்திருக்கும், ஆனால் உப்புத் தின்றிருக்காது. உழைத்த மெஷினைச் சரி செய்யலாம். உப்பேறிய மெஷினோடு மல்லுக்கட்ட முடியாது.

வாங்குகிற மாதமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி வேலை நடக்கிற நேரம் என்பதால் ஓட்டை செட்டுக்கும் விலை ஏறி நிற்கும். ஜூலையில் போங்கள். தடைக்கால வேலைக்கென்று வாங்கினவர்கள் கையில் காசில்லாமல் விற்க வருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி, தையில் மலிவாக வருவதை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். தண்ணீருக்குள் நின்ற மெஷினாக இருக்கும்.

போகும்போது கையில் என்னென்ன கொண்டுபோவது? மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், ஸ்குரூ டிரைவர், டார்ச் லைட், பேனாக்கத்தி, பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்று, லைட்டர், சோப்புத் தண்ணீர், வெள்ளைத் துணி. ராடும் தகடும் உங்களுடையதாகவே இருக்கட்டும். விற்கிறவர் கொடுக்கும் ராடு ஈரமாக இருந்தால் மெஷின் கோளாறா ராடு கோளாறா என்று புரியாது. காய்ந்த 6013 ரக ராடு பத்து கேஜில் ஒரு பிடி, அதைவிடத் தடித்த எட்டு கேஜில் இரண்டு, 6 மில்லிமீட்டர் கனத்தில் இரும்புப் பட்டை ஒரு அடி போதும்.

முதலில் பழைய ஆயில் செட். கனமான டிரான்ஸ்பார்மர், எண்ணெய்க்குள் காயில், முன்னால் ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம். புதுசாக வருகிற பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் கரைக்கு இதைவிடத் தோதான மெஷின் கிடையாது என்பது என் கட்சி. எண்ணெய்க்குள் கிடக்கிற காயிலை உப்புக்காற்று தொடாது. கெட்டுப்போனாலும் உள்ளே இருக்கிற செம்புக்கு ஒரு விலை உண்டு. கெட்ட இன்வெர்ட்டருக்கு டப்பா விலைகூடத் தேறாது.

அதனால்தான் உள்ளே இருப்பது செம்பா அலுமினியமா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியே தெரிகிற டெர்மினலைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது மட்டும் செம்பாக இருக்கும். மேல்மூடியைத் திறந்து, காயிலிலிருந்து மேலே வரும் பட்டையில் ஒரு ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். வார்னிஷுக்கு அடியில் சிவந்தால் செம்பு, வெளுத்தால் அலுமினியம். அலுமினியம் ஓடாது என்றில்லை. ஆனால் அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தை உப்பு அரித்துத் தின்னும். ரீவைண்டிங் செய்த செட்டில்தான் இந்தத் தில்லுமுல்லு அதிகம். செம்பை உருவி விற்றுவிட்டு அலுமினியம் சுற்றியிருப்பார்கள்.

அடுத்து எண்ணெய். இதற்குத்தான் கரண்டி. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில்தான் கிடக்கும். அதனால் அடியில் இருக்கும் வடிகாலிலிருந்து எடுங்கள். மேலே மொண்டால் நல்ல எண்ணெய்தான் வரும். செட்டிலிருந்து தள்ளி வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கரண்டியில் நாலைந்து சொட்டு மட்டும் விட்டு அடியில் லைட்டரைப் பிடியுங்கள். நல்ல எண்ணெய் சத்தமில்லாமல் சூடாகிப் புகைய ஆரம்பிக்கும். புகை வந்ததும் லைட்டரை எடுத்துவிடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடிக்கும். ஒருமுறை கீழக்கரையில் ஒரு காக்காவின் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கடையில் இதைச் செய்தேன். முதல் சொட்டே வெடித்து என் சட்டையில் தெறித்தது. “காக்கா, தாளிப்பு கேக்குதா?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “எண்ணெய மாத்திக்கலாம் தம்பி, செட்டு நல்ல செட்டு” என்று விலையில் 2,000 இறக்கினார். அவர் சொன்னது உண்மைதான். எண்ணெயை மாற்றி, காயிலைக் காயவைத்து அந்தச் செட்டை இன்றும் ஓட்டுகிறேன். எண்ணெயில் கருகின வாடை அடித்தால் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். அது காயில் வெந்த வாடை.

பிறகு லைனில் போட்டு, ராடு வைக்காமல் சும்மா அரைமணி நேரம் ஓட விடுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள். வேலையே செய்யாமல் தொட்டி சுட்டால் காயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று அர்த்தம். தெரிந்த எலெக்ட்ரீஷியன் கூட இருந்தால் மெக்கர் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: உள்ளே வரும் காயிலுக்கும் வெளியே போகும் காயிலுக்கும் நடுவே 5 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தச் செட்டுகள் பெரும்பாலும் இரண்டு பேஸில் 415 வோல்ட்டில் ஓடுபவை. நடுவில் இருக்கிற காப்பு போய்விட்டால் லைன் கரண்ட் நேராக உங்கள் ஹோல்டருக்கு வரும். நாம் நிற்பதோ ஈர மணலில், பல நேரம் முழங்கால் தண்ணீரில். காப்பு நன்றாக இருந்தாலும் ராடு தொடாத நேரத்தில் ஹோல்டரில் 70, 80 வோல்ட் ஏசி நிற்கும். நனைந்த கைக்கு அதுவே போதும். மெஷின் பாடியில் புறங்கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் பழைய மேஸ்திரிகளுக்கு உண்டு. அது வேண்டாம், மல்டிமீட்டரை வையுங்கள்.

இரண்டு பேஸ் எடுக்க உங்கள் பட்டறையில் த்ரீ பேஸ் லைன் இருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்னால் யோசித்துவிடுங்கள். வாங்கி இறக்கிவிட்டு யோசித்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்வெர்ட்டர் மெஷினுக்கு வருவோம். முதல் ஏமாற்று பெயரிலேயே இருக்கிறது. முன்னால் பெரிதாக 400 என்று எழுதியிருக்கும். பின்னால் இருக்கும் தகட்டைப் படியுங்கள். கணக்கு சுலபம்: 200 ஆம்பியர் எரிக்க ஆர்க்கில் 28 வோல்ட் வேண்டும், அது 5,600 வாட். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் லைனிலிருந்து 230 வோல்ட்டில் குறைந்தது 30 ஆம்பியர் அளவுக்கு இழுத்தாக வேண்டும். பின்தகட்டில் அதிகபட்ச இன்புட் 30 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது அதிகம் போனால் 200 ஆம்பியர் மெஷின். முன்னால் 400 என்றல்ல, 4,000 என்று எழுதியிருந்தாலும் அதுதான். தகடே இல்லையென்றால் விலை பேசவே வேண்டாம். தகட்டில் 60 சதவீதம் என்று ஒரு எண் இருக்கும். 10 நிமிஷத்தில் 6 நிமிஷம் எரிக்கலாம், 4 நிமிஷம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். அதுவும் 40 டிகிரி வெயிலுக்குப் போட்ட கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தக் கணக்கு நிற்காது, இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மெஷின் ஆம்பியர் தருகிறதா என்று பார்க்கக் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டுவார்கள், பூஜ்யம் காட்டும். “மெஷின் செத்துப்போச்சு” என்று விலையைக் குறைக்கச் சண்டை போடுவார்கள். இன்வெர்ட்டர் தருவது டிசி. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டும்தான் படிக்கும். டிசி படிக்கிற மீட்டர் வேண்டும். மெக்கரையும் இன்வெர்ட்டரில் வைக்காதீர்கள், போர்டு போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கி, 10 நிமிஷம் காத்திருந்து, பிறகு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பிடுங்கிய உடனே உள்ளே கை வைக்கக் கூடாது. கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும். உள்ளே பார்க்க வேண்டியது: வெள்ளைப் படிவு, செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு, தலை உப்பிய கெப்பாசிட்டர், துருப்பிடித்த ஃபேன். ஸ்குரூக்களின் தலையையும் பாருங்கள். வாய் தேய்ந்திருந்தால் பலமுறை திறந்து மூடியது. பெயிண்ட் புதிதாகவும் ஸ்குரூ துருவாகவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். திறக்க விட மாட்டேன் என்றால் வாங்கவும் வேண்டாம்.

எரித்துப் பார்ப்பது எப்படி? பத்து கேஜ் ராடில் 110 ஆம்பியர் வைத்து மூன்று ராடு, நடுவில் நிறுத்தாமல். சீலா மீன் துண்டு எண்ணெயில் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். விட்டுவிட்டு வந்தாலோ, மூன்றாவது ராடில் சோர்ந்துபோனாலோ உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது. பிறகு எட்டு கேஜ் ராடு ஒன்றை 160இல் எரியுங்கள். பெயரளவு 200 மெஷின்கள் இங்கேதான் மூச்சுத் திணறும். வேண்டுமென்றே ராடை ஒட்டவிட்டுப் பாருங்கள். நல்ல மெஷினில் கரண்ட் தானாகக் குறையும், ராடு பழுக்காது.

கேபிளைச் சும்மா சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். கேபிளில்தான் உப்பின் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். ஹோல்டர் மாட்டியிருக்கும் நுனியில் ரப்பரைக் கீறிப் பாருங்கள். செம்பு சிவப்பாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பச்சையாக இருந்தால் அரை அடி வெட்டச் சொல்லுங்கள். அங்கேயும் பச்சை என்றால் ரப்பருக்குள்ளேயே களிம்பு ஓடியிருக்கிறது, அந்தக் கேபிள் சூடேறி உங்கள் ஆம்பியரைத் தின்னும். எர்த் கிளாம்பின் ஸ்பிரிங் போயிருந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம், அதற்காக நல்ல செட்டை விட வேண்டாம்.

கேஸ் கட்டிங் செட்டில் என் பிடிவாதம் இன்னும் அதிகம். வெல்டிங் செட் ஏமாற்றினால் காசு போகும். இது ஏமாற்றினால் ஆள் போவார்.

சிலிண்டரைப் பழசாக வாங்காதீர்கள். ஏஜென்சியில் டெபாசிட் கட்டி எடுங்கள். கழுத்தில் சோதனை செய்த தேதி அடித்திருக்கும், ஆக்சிஜன் சிலிண்டரை 5 வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தேதி தாண்டினதை ஒழுங்கான ஏஜென்சி நிரப்பாது. பில் இல்லாத சிலிண்டர் யாருடையது என்று உங்களுக்கும் தெரியாது. கறுப்பு ஆக்சிஜன், அரக்குச் சிவப்பு அசிட்டிலின். மேலே வேறு பெயிண்ட் அடித்திருந்தால் கிட்டேயே போகாதீர்கள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கட்டிங்குக்கு மாட்டுவது சட்டப்படி குற்றம். 19 கிலோ கமர்ஷியல் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அசிட்டிலின் விடும் கார்பைடு டிரம் யாராவது கொடுத்தால் இலவசம் என்றாலும் வேண்டாம்.

பழசாக வாங்கக்கூடியது ரெகுலேட்டரும் கட்டரும்தான். ரெகுலேட்டரை எடுத்ததும் வெள்ளைத் துணியால் அதன் வாய்ப் பக்கத்தைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ கிரீஸோ துணியில் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முழு ஆக்சிஜன் சிலிண்டரில் 150 கிலோ அழுத்தம். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் கிரீஸைத் தொட்டால் பொறி இல்லாமலே பற்றும். நம் கரையில் ரெகுலேட்டர் மாட்டுகிற கைதான் இன்ஜினுக்குக் கிரீஸ் வைக்கிற கையும். அதனால் இந்தச் சோதனையை நான் ஒருபோதும் விடுவதில்லை.

அடுத்து, அழுத்தமில்லாதபோது ரெகுலேட்டர் மீட்டர்களின் இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் படுக்க வேண்டும். சிலிண்டரில் மாட்டி, பக்கவாட்டில் நின்றுகொண்டு வால்வை மெதுவாகத் திறந்து, கட்டரை மூடிவைத்து வெளி அழுத்தத்தை 2 கிலோவில் நிறுத்துங்கள். கையை எடுத்துவிட்டு 5 நிமிஷம் முள்ளையே பாருங்கள். தானாக மேலே ஏறினால் உள்ளே வால்வு உட்காரும் சீட்டு போய்விட்டது. நின்றால் சிலிண்டரை மூடுங்கள். இப்போது முள் இறங்கினால் எங்கோ கசிவு, சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். கட்டரின் எல்லா வால்வையும் மூடி, ஆக்சிஜன் ட்யூபை மட்டும் மாட்டி, தலையை வாளித் தண்ணீரில் முக்குங்கள். நாசிலில் குமிழி வரக் கூடாது. நெருப்பு ட்யூபுக்குள் திரும்பி ஏறாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாமல் யாராவது விற்றால் குறை சொல்ல வேண்டாம், யாரும் தருவதில்லை. அதைப் புதிதாகக் கடையில் வாங்கி மாட்டுங்கள். ட்யூபையும் புதிதாகவே வாங்குங்கள். வெயிலில் கிடந்த ட்யூபை மடக்கினால் தெரியும் வெடிப்பை உள்ளூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேஸ் கட்டரில் அசிட்டிலின் நாசிலும் எல்பிஜி நாசிலும் வேறு வேறு. எல்பிஜி நாசில் உள்ளே வெளியே என்று இரண்டு துண்டாகக் கழலும். விற்கிறவர் எதை ஓட்டினார் என்று கேட்டு வாங்குங்கள்.

காற்றையும் கரண்டையும் வைத்து இரும்பை வெட்டும் பிளாஸ்மா கட்டர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குக் காய்ந்த காற்று வேண்டும். நம் கரையில் கம்ப்ரசர் டாங்கியைத் திறந்தால் தண்ணீர்தான் கொட்டும். டிரையர் வாங்க வசதியில்லாதவர் பழைய பிளாஸ்மா வாங்கினால் நாசிலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் மாதம் தவறாமல் மொய் எழுத வேண்டியதுதான்.

ஏஜி4 என்கிற 4 அங்குலக் கை கிரைண்டர், கட்டிங் மெஷின் எல்லாம் சின்னச் சமாச்சாரம். மோட்டாரின் கார்பன் பிரஷ் பக்கம் வளையமாகப் பொறி சுற்றினால் ஆர்மேச்சர் போச்சு. வீலை மூடும் கார்டு இல்லாமல் வந்தால் வாங்கக் கூடாது. 14 அங்குல கட்டிங் மெஷினின் கைப்பிடியை இடவலமாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வெட்டு கோணும். கூட நாலு பழைய வீல் கொடுத்தால் நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தைப் படியுங்கள், காலாவதித் தேதி அடித்திருக்கும். பிசின் வீலுக்கு 3 வருஷம்தான் ஆயுசு. ஈரம் குடித்த வீல் சுற்றும்போது சிதறும்.

எல்லாம் சரி என்றால் பில் கேளுங்கள். பழைய பில்லின் நகல் இல்லையென்றால், மெஷின் எண்ணைக் குறித்து, விற்கிறவர் கையெழுத்தோடு ஒரு தாள் எழுதி வாங்குங்கள். தயங்கினால் திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

ஆயில் செட்டை டாட்டா ஏஸில் ஏற்றும்போது படுக்கவைக்காதீர்கள், எண்ணெய் வழியும். நிமிர்த்திக் கட்டிக் கொண்டுவாருங்கள். இறக்கியதும் உடனே கரண்ட் கொடுக்க வேண்டாம், குலுங்கின எண்ணெயில் குமிழி அடங்க ஒரு ராத்திரி விடுங்கள். இன்வெர்ட்டரைத் தரையில் வைக்காமல் மரப்பலகையில், கடல் பக்கச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். என் பட்டறையில் பழைய மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே ஜீரோ வாட் குண்டு பல்பு ஒன்றை ராத்திரி முழுக்க எரியவிட்டு, மெஷினை அதற்குள்தான் தூங்கவைக்கிறேன். அந்த இளஞ்சூட்டில் ஈரம் கிட்டே வராது. 5,500 கொடுத்து வாங்கின அந்த உப்பு மெஷினும் போர்டைக் கழுவிக் காயவைத்து வார்னிஷ் அடித்தபின் அதற்குள்தான் கிடக்கிறது. காலை 6 மணிக்கு ஓடுகிறது.